கை இல்லை என்றது கார்

இந்த ஊரில் பாதிப் பேரை ஓட்டிக் காட்டச் சொல்லி லைசென்ஸ் கொடுத்தவன் நான். எழுபது தாண்டியபின் என்னைச் சோதிக்க என் மகன் வந்தான். பழைய காரை விற்றுவிட்டுப் புதிது வாங்கியிருந்தான். பைபாஸில் ஒருமுறை ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் சாவி எனக்கும் உண்டு. இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் சாலைக் கடைத்தெருவுக்குக்கூட ஆட்டோதான். இதுதான் பேச்சு.

காரோடு வந்த கையேட்டை வீட்டில் படித்தவன் நான் ஒருவன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா சாலையின் வெள்ளைக் கோடுகளைப் பார்க்கிறது. ரேடார் முன்னே போகும் வண்டியின் தூரத்தை அளக்கிறது. கோட்டைத் தாண்டப் போனால் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பும். இடிக்கப் போனால் தானே பிரேக் போடும். நம் ஊரில் கோடு அழியாத இடங்களில் இவ்வளவும் நடக்கும்.

பைபாஸில் கழக்கூட்டம் ஊரை நோக்கிப் புறப்பட்டோம். பக்கத்தில் மகன், பின்னால் மருமகள். நேரான சாலை, நிதானமான வேகம். திடீரென்று மணி அடித்தது. ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லித் திரையில் எழுத்து. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். மறுபடி மணி.

"அப்பா, உறங்கியாச்சோ?"

"கண்ணைத் திறந்துட்டு எவன்டா உறங்குவான்?"

"பின்னே வண்டி சும்மா விளிக்குமா?"

"அது கம்ப்யூட்டர் மாமா. பொய் சொல்லாது, கேட்டோ" என்றாள் மருமகள்.

அந்தக் கம்ப்யூட்டர் கையைப் பார்ப்பதே இல்லை. ஸ்டியரிங் தண்டில் விழும் முறுக்கை மட்டும் உணர்கிறது. அவ்வப்போது லேசாக ஆட்டினால் கை இருக்கிறது. ஆட்டாவிட்டால் கை இல்லை. லைசென்ஸுக்காகக் கம்பிகளுக்கு நடுவே 'எச்' எழுத்துபோல ஓட்டிக் காட்ட வந்தவர்களிடம் பணிக்காலம் முழுதும் நான் கத்தியதோ, நேரே போகும்போது ஸ்டியரிங்கை ஆட்டாதே என்பதுதான். ஆட்டியவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இதைச் சொன்னேன்.

"அப்போ கொஞ்சம் ஆட்ட வேண்டியதுதானே?"

"ஆட்ட மாட்டேன்."

"எல்லாத்துக்கும் அப்பாகிட்ட ஒரு ரூல் உண்டு. ஓட்டினது மதி, போதும். ஓரமா நிறுத்துங்க."

கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, நிறுத்தினேன். சட்டைப் பையிலிருந்த சாவியைக் கொடுத்தேன்.

திரும்பும்போது அவன் ஓட்டினான். ஒரு கையில் போன். மறுகையின் இரண்டு விரல் ஸ்டியரிங்கில், பாட்டுக்குத் தாளம் போட்டபடி. கார் கோட்டுக்குள்ளேயே இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு போயிற்று. மணி அடிக்கவே இல்லை.

"கண்டீங்களா மாமா," என்றாள் மருமகள், "இப்போ வண்டி ஒண்ணும் மிண்டாம, சத்தமில்லாம வருது."