இலங்கைத்துறைக் கரையில் மீன் சுடப் போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் விடுமுறைக்கு வவுனியாவிலிருந்து வந்த அத்தானுக்கு ஒரே ஆசை. கடற்கரையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டுத் தின்ன வேண்டுமாம். சரியென்று விடிய ஐந்தரைக்கு எங்கள் ஓர்ஸ் ஹில் வீட்டடியில் வாடகை வானில் ஏறினோம். கிண்ணியா, மூதூர் தாண்டி இலங்கைத்துறைக்கு இரண்டு மணித்தியால ஓட்டம். பத்து மணிக்குப் பிறகு கச்சான் என்கிற மேல்காற்று எழும்பினால், கரையில் காய்கிற வலைகளைப் பற்றவைக்க ஒரு பொறியே போதும், அதனால்தான் அந்த அவசரம்.

கரையில் நின்று கயிறு பிடித்துக் கரைவலை இழுக்கும் செல்வராசா அண்ணையிடம் முதலில் கேட்டோம்.

"மூட்டுங்கோ தங்கச்சி. மண்ணைப் போட்டு மூடிப்போட்டு மட்டும் போகாதேங்கோ. போன மாசம் ஆரோ மூடிப்போட்டுப் போன தணலிலதான் நான் மிதிச்சனான்."

உள்ளங்காலைக் காட்டினார். தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. மூன்று கிழமை வேலைக்கு இறங்க ஏலாமல் கிடந்தாராம்.

சுட்ட பாரை மீன் அருமை, அதில் குறையில்லை. நான் தாச்சிச் சட்டியைக் கழுவிவிட்டு வருகிறேன், அத்தான் நெருப்பை அழகாக மண்ணால் மூடி வைத்திருக்கிறார்! வலை இழுப்பவர்களோ கயிற்றோடு எங்கள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அது தானா அணைஞ்சிடும் பிள்ளை," என்றார்.

"அணையாது அத்தான். தோண்டுங்கோ."

தோண்டினால் உள்ளே தணல் சிவப்பாகக் கிடந்தது. தாச்சியில் கடல்நீர் அள்ளி ஊற்றினேன், தடியால் கிளறினேன், திரும்பவும் ஊற்றினேன். சாரதி வந்து, "அக்கா, நேரம் போகுது," என்றார்.

"போகட்டும் தம்பி. நீங்களும் அந்தத் தண்ணிப் போத்தலை நிரப்பிக்கொண்டு வாங்கோ."

பாவம், நிரப்பிக்கொண்டு வந்தார். புகையும் சீறலும் நின்ற பிறகு புறங்கையை அருகே பிடித்துப் பார்த்தேன், பிறகு தொட்டேன். குளிர்ந்திருந்தது.

அதற்குள் கயிறு வந்துவிட்டது. முன்னால் வந்த செல்வராசா அண்ணை அந்தக் கறுத்த ஈர மண்ணைக் கண்டதும் நின்றுவிட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் நடுவில் ஏறி நின்றேன்.

"நிக்கிறன் அண்ணை, வாங்கோ."

என் கால்களைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து குதிக்காலை ஊன்றி இழுக்கத் தொடங்கினார். அத்தானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்.

போகிறவர்கள் கரையில் கேட்டுவிட்டு மூட்டுங்கள். காற்று எழும்பினால் ஆசையை விட்டுவிடுங்கள். வாளி ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள், தாச்சி போதாது. நெருப்பு நன்றாகக் குளிர்ந்ததும் வெறுங்காலோடு அந்த இடத்தில் ஒருமுறை நில்லுங்கள். நிற்கப் பயமாக இருந்தால், நீங்கள் வீட்டுக்குப் போக இன்னும் நேரமாகவில்லை.