வெரோனாவுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால்

எங்கள் எதிர்வீட்டு நாய் ஒரு நாளைக்கு மூன்று முறை வெளியே போகிறது. குளிருக்கு அதற்குச் சட்டை உண்டு, மழைக்குக் கோட்டு உண்டு, பின்னாலேயே பை ஏந்தி நடக்க ஒரு பெரிய மனிதரும் உண்டு. இத்தாலியில் மொடெனா என்கிற இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் வாரத்துக்கு ஒரு முறைதான் வெளியே போனேன். அதுவும் காரில், பெல்ட் போட்டுக் கட்டி. நாலாவது மாடி ஜன்னலில் நின்று ஒரு நாயைப் பார்த்து வயிறெரிந்தவள் அரியலூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் மேலும் தப்பு உண்டு. என் மகன் குமரவேல் இங்கே டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் அப்பா போனபிறகு என்னைக் கூட்டி வந்தான். வந்த கொஞ்ச நாளில், இந்த பஸ் எங்கேதான் போகிறது பார்ப்போமே என்று தனியாக ஏறி உட்கார்ந்தேன். கடைசி ஸ்டாப்பில் டிரைவர் கையைக் காட்டி இறங்கச் சொன்னார். நான் கையைக் காட்டி வண்டியைத் திருப்பச் சொன்னேன். கடைசியில் போலீஸ்காரர்கள்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அன்றோடு என் நடமாட்டம் நின்றது. ஊரில் சிமெண்ட் லாரிக்கே கையைக் காட்டி நிறுத்தி ரோட்டைத் தாண்டுகிறவள் நான். காலையில் கிளம்பினால் மார்க்கெட், கோயில், நாத்தனார் வீடு என்று ஒரு சுற்று முடித்துத்தான் திரும்புவேன். என்னைத் தேடி யாரும் வந்ததில்லை. இவள் எப்போது எழுந்து போவாள் என்று பார்த்தவர்கள்தான் உண்டு.

அடுத்த தெருவில் வயதானவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அவர்கள் பழைய ஊர்களுக்கு ரயிலில் ஒரு நாள் சுற்றுலா கூட்டிப் போவார்கள். காலையில் மாந்தோவா, மதியம் வெரோனா, ராத்திரிக்குள் வீடு. மருமகள் சுகந்தி என் பெயரைக் கொடுத்துவிட்டாள். குமரவேல் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தான்.

"அம்மா, இதுல ஒழுங்கா போயிட்டு ஒழுங்கா வந்துட்டீன்னா, அப்பறம் நீ எங்க வேணாலும் தனியாப் போயிக்க. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். ஏதாச்சும் ஆச்சு, எங்க ரெண்டு பேருல ஒருத்தர் இல்லாம வாசப்படி தாண்டக்கூடாது."

"ஏன்டா, பெத்தவளுக்கே பரீட்சையா? அதுக்குப் பயந்துதானேடா அஞ்சாங்கிளாஸோட நின்னேன்."

"சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன்."

சிரித்தேனே தவிர, விஷயம் எனக்கும் புரிந்தது. மிச்ச காலத்தை அந்த ஜன்னலிலேயே கழிப்பதா என்பது அந்த ஒரு நாளில் இருந்தது.

சுற்றுலாவில் ஒன்பது பேர், எல்லாம் பொம்பளைகள், எல்லாம் என் வயது. கூட்டிப் போகிற பெண் பெயர் கியாரா. மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பாள். குடை திரும்பினால் நாங்கள் திரும்ப வேண்டும், குடை நின்றால் நிற்க வேண்டும். எங்கள் ஊர் வாத்து மேய்க்கிறவன் கூட இவ்வளவு சுலபமாக மேய்த்ததில்லை. எனக்குப் பக்கத்தில் ரொசான்னா என்கிற கைத்தடிக்காரி. நான் தமிழில் பேசினேன், அவள் இத்தாலி பாஷையில் பேசினாள். இரண்டு பேரும் நன்றாகத் தலையாட்டினோம்.

மாந்தோவாவில் ஒரு ராஜா அரண்மனை. ஒரு அறையில் எல்லாரும் மேலே அண்ணாந்து வாயைப் பிளந்தார்கள். கூரையில் வட்டமாக ஓட்டை போட்டு வானம் தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறான் ஒரு மகராசன். ஓட்டையைச் சுற்றிக் குண்டு குண்டாகக் குழந்தைகள், அம்மணமாக, பின்புறத்தைக் காட்டிக்கொண்டு. ராஜா வீட்டுக் கூரையில் ஏறிய பிள்ளைகள், ஒன்றின் இடுப்பில் கூட ஒரு அரைஞாண் கயிறு இல்லை. ரொசான்னாவுக்கு இதைச் சொல்லலாம் என்று மேலே கையைக் காட்டி, என் இடுப்பைச் சுற்றி விரலால் கோடு போட்டுக் காட்டினேன். அவள் பதறிப்போய்ப் பையிலிருந்து வயிற்றுவலி மாத்திரையை எடுத்து நீட்டினாள். மரியாதைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

மதியம் வெரோனா ரயிலில்தான் வினை. கியாரா பாத்ரூம் போகும்போது, ஓரத்து சீட்டில் இருந்த என்னிடம் குடையைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்த இடத்தில் அரியலூர்க்காரர்கள் எனக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். நம் ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நின்றும் நிற்காமலும் கிளம்பிவிடும். மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள் செந்துறை தாண்டியதும் மூட்டை முடிச்சோடு வாசலில் போய் நின்றுவிடுவோம். சீட்டிலேயே உட்கார்ந்திருந்தவர்கள் திருச்சியில்தான் இறங்கியிருக்கிறார்கள். என் காலுக்கு ரயில் என்றால் அதுதான் தெரியும். வண்டி வேகம் குறைந்ததும் எழுந்து, குடையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் போய் நின்றேன். காலையிலிருந்து பழகிய பழக்கம், குடை போனதும் எட்டுப் பேரும் பேச்சை நிறுத்தாமல் பின்னாலேயே வந்துவிட்டார்கள். வண்டி நின்று கதவு திறந்தது. எங்களுக்குப் பின்னால் சைக்கிளோடு ஒரு பையன் இறங்க வழி கேட்டு நெருக்கினான். இறங்கினேன். இறங்கினதோடு விட்டேனா? "வா தாயி, சீக்கிரம் வா, வண்டிய எடுத்துருவான்" என்று ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இறக்கினேன். ரொசான்னாவை இடுப்பைப் பிடித்தே தூக்கி வைத்தேன். கதவு மூடியது. நகர்கிற ஜன்னலில் கியாராவின் முகம் வாயைத் திறந்தபடி எங்களைக் கடந்து போனது. அன்றைக்கு நான் பார்த்த படங்களிலேயே அதற்குத்தான் உயிர் இருந்தது.

அது வெரோனாவுக்கு முந்தின ஸ்டேஷன். எட்டுப் பேரும் போர்டைப் பார்த்தார்கள், குடையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். என் போன் அடித்தது.

"அம்மா, எங்க இருக்க?"

"ரயிலடில."

"எந்த ரயிலடில?"

"இந்த ஊரு எழுத்து படிக்கத் தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

"அந்தப் பொண்ணு போன்ல அழுவுறா. நீதான் குடையப் புடிச்சிக்கிட்டு எல்லாரையும் எறக்கிவுட்டியாமே?"

கையிலிருந்த குடையைப் பார்த்தேன். முடிந்தது, இனி ஜன்னல்தான் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்த ரொசான்னா போனைப் பிடுங்கினாள். கைத்தடியை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினாள். பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தார்கள். போன் திரும்பி வந்தபோது மகன் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"என்னடா சொன்னா?"

"எல்லா டூர்லயும் வாய மூடிக்கிட்டு அந்தக் குடை பின்னாடி நடந்ததுதான் மிச்சமாம். இன்னிக்குத்தான் டூர் வந்த மாரி இருக்காம். அடுத்த தடவ ஒன்ன அனுப்பலன்னா வூட்டுக்கே வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்களாம்."

அடுத்த வண்டி வரும்வரை ஸ்டேஷன் எதிரே காப்பி குடித்தோம். ஏறியபிறகு, வேகம் குறைந்ததும் என் கால் தானாக எழுந்தது. இரண்டு பேர் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

வெரோனாவில் தெருவெல்லாம் இளஞ்சிவப்புக் கல். எல்லாரும் மாடங்களை அண்ணாந்து பார்க்க, நான் தரையைப் பார்த்தேன். கல்லுக்குள் சுருண்டு கிடக்கிறது நத்தை மாதிரி ஒன்று. நம் சுண்ணாம்புக்கல் குழிகளில் கிடக்குமே, அதேதான். கடல் இங்கேயும் ஒருகாலத்தில் வந்துவிட்டுச் சொல்லாமல் போயிருக்கிறது. நாம் அதை லாரியில் ஏற்றி அரைத்து சிமெண்ட் மூட்டை கட்டுகிறோம். இவர்கள் பாலிஷ் போட்டு, மேலே நின்று ஐஸ்கிரீம் தின்கிறார்கள்.

ராத்திரி மொடெனா ஸ்டேஷனில் மகனும் மருமகளும் நின்றார்கள்.

"என்னடா, பாஸா பெயிலா?" என்றேன்.

அவன் வாயைத் திறப்பதற்குள் சுகந்தி முந்திக்கொண்டாள். "அத்தை தொலைஞ்சாலும் தனியாத் தொலைய மாட்டாங்க. ஊரக் கூட்டிக்கிட்டுத்தான் தொலைவாங்க. வுடுங்க, போவட்டும்."

திங்கட்கிழமை சந்தைக்குத் தனியாகக் கிளம்பினேன். நம் ஊரில் புறப்படுகிறவளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று நேராகக் கேட்டால் தடை. என் நாத்தனாருக்கு அந்த வாய் அடங்காது. அவள் கேட்கிற ஒவ்வொரு தடவையும் நான் வைதுகொண்டே வீட்டுக்குள் திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவேன். இங்கே தெருமுனை வரைக்கும் நடந்தேன். யாரும் கேட்கவில்லை. கதவுகள் கூடக் கேட்கவில்லை. ஊமைத் தெருவில் நடப்பது போல இருந்தது.

பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். என் புடவையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தோவே வா, சிஞோரா?" என்றார். எங்கே போகிறாய் என்று அர்த்தம். அது எனக்குத் தெரிந்த பத்து வார்த்தைகளில் ஒன்று.

பாவி மனிதன், கேட்டேவிட்டார். வைவதற்கு வாய் வந்தது, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் யாரையும் வைததில்லை. வீட்டுக்குத் திரும்பலாம் என்றால் நாலு மாடி. பயந்து வந்துவிட்டாள் என்று மருமகள் நினைப்பாள். தண்ணீர் குடிக்க வீடு என்று எதையாவது வைத்துக்கொள்ள வேண்டுமே. அந்தக் கிழவரைக் கொஞ்சம் நகரச் சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பையிலிருந்த பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். முந்தானையை உதறி எழுந்து, அப்போதுதான் வீட்டிலிருந்து புறப்படுகிறவளைப் போல நடந்தேன்.