டார்ச் பிடித்த கை

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் வைகாசி கருட சேவை முடிந்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருக்கோடியில் இருந்த ஆரம்பப் பள்ளியில் நடந்தது இது.

என் மகள் அப்போது ஆஸ்பத்திரியில் சுகாதாரப் பணியாளர் பயிற்சியில் இருந்தாள். கர்ப்பப்பையின் வாயில் வரும் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கச் சொல்லித் தந்தார்கள். பெண்களிடம் விசாரிக்க வேண்டும். பிறகு மரக்குச்சியால் அந்த இடத்தை மெல்லத் தடவி, கண்ணாடித் துண்டில் பூசி, காய்வதற்குள் மருந்தில் முக்கி அனுப்ப வேண்டும். கல்யாணமாகாத பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு, வரன் பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று எனக்கு ஒரே பயம். எங்கள் தெருவிலேயே முகாம் என்றதும், யாராவது அவளை ஏதாவது பேசிவிடப் போகிறார்கள் என்று நானும் கூடவே போய் உட்கார்ந்துகொண்டேன்.

வகுப்பறை மூலையில் புடவை கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே பயிற்சி தரும் மூத்த நர்ஸ். வெளியே பெஞ்சில் எங்கள் தெருப் பெண்கள். மகள் பாடத்தில் இருந்தபடியே, "இடைப்பட்ட நாட்களில் உதிரப்போக்கு உண்டா?" என்று கேட்டாள். எல்லாத் தலைகளும் இல்லை என்று ஆடின. ஒருத்தி கிளம்பவே எழுந்துவிட்டாள்.

எங்கள் நெசவாளர் வீடுகளில் தூரமான நாட்களில் பெண்கள் தறியைத் தொடுவதில்லை. மகள் சட்டென்று கேள்வியை மாற்றினாள். "சரிக்கா, அத்த விடுங்க. இந்த மாசம் எத்தினி தபா தறி தொடாம உக்காந்தீங்க?"

கிளம்பியவள் நின்றாள். "ரெண்டு தபா இருக்கும்" என்றாள் யோசித்து. வாய்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதிர்வீட்டுக்காரிக்குக் கேலி வந்துவிட்டது. "ஏண்டி கண்ணு, ஊரையே கேட்டுக்கினு வர்றியே, உங்கம்மாவ கேட்டியா?"

பெஞ்சே சிரித்தது. மகளும் சிரித்துக்கொண்டே திரும்பினாள். "சொல்லும்மா. நீ எத்தினி தபா?"

எனக்கு மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனால் அந்தச் சித்திரையில் மறுபடியும் உதிரம் பட்டது. வைகாசியிலும் பட்டது. நின்றது திரும்பியிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். இந்த வயதில் அதை வயசுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? முதுகுவலி என்று சொல்லித் தறிப் பக்கம் போகாமல் இருந்தேன்.

நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டதைப் பார்த்து அவள் சிரிப்பு நின்றது. பக்கத்தில் வந்து குனிந்தாள். "கருட சேவ அன்னிக்கு சாமி வந்தப்பகூட வாசலுக்கு வரலியே நீ. அது முதுகுவலிதானாம்மா?"

அதற்குமேல் அங்கே யாரும் சிரிக்கவில்லை. நான் எழுந்து புடவை மறைப்புக்குள் போனேன்.

"பெத்த பொண்ணு வேணாம், நானே பாக்கறேன். நீ டார்ச்ச புடி" என்றார் நர்ஸ். அந்த மூலையில் வெளிச்சம் போதாது. மேசையில் படுத்துக் கூச்சத்தில் கண்ணை மூடியவள், எதற்கோ திறந்தேன். எதிரே மகளின் முகம். முதலில் பரீட்சை எழுதுகிறவள் போல உன்னிப்பாக இருந்தது. பிறகு அதிலிருந்து எல்லாம் வடிந்துபோனது. நர்ஸின் வெள்ளைக் கையுறையின்மேல் டார்ச் வெளிச்சம் நடுங்கியது.

"நேரா புடிமா" என்றார் அவர். மகள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னாடி?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா படு."

வெளியே வந்தபோது பெஞ்சில் ஒருத்தியும் கிளம்பியிருக்கவில்லை. கேலி செய்த எதிர்வீட்டுக்காரி, "எனக்கும் பாத்துடும்மா" என்று உள்ளே போனாள்.

அதன்பின் முடிவுக்காகக் காத்திருந்த நாட்கள்தான் கொடுமை. டாக்டர் சொல்லும்வரை அவள் சொல்லக் கூடாது. எனக்கோ கேட்கத் தைரியமில்லை. சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தில்கூடச் செய்தி தேடினேன். ரசத்தில் உப்பு அதிகம் என்று அவள் சண்டை போட்டால் நிம்மதியாக இருந்தது. ஒருநாள் உப்பே போடாத ரசத்தைப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தாள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசியில் டாக்டர் முடிவு சொன்னதும், ஒரு மத்தியானம் அந்த நர்ஸையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்குதும்மா. ஆனா வாசல்லயே நிக்குது, இன்னும் உள்ள போவல" என்றார். அதுவரை அடக்கி வைத்திருந்த மகள் அப்போதுதான், நடுக்கூடத்தில் நின்றபடி, சின்னக் குழந்தைபோல் அழுதாள்.

கரண்டு வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. எரிச்சலும் வாந்தியுமாக அவதிப்பட்டேன், பிழைத்தேன். பழையபடி தறியில் உட்கார்ந்தேன். மகளுக்கும் கல்யாணமாகி, இன்று அவளே புதிதாக வரும் பெண்களுக்குப் பயிற்சி தருகிறாள். தறியைப் பற்றிய அந்தக் கேள்வியையும் சொல்லித் தருகிறாளாம்.

உடம்பு தேறிவிட்டது, மனசுதான் இன்னும் அந்த மேசையிலிருந்து முழுதாக எழுந்திருக்கவில்லை. இன்றும் வீட்டில் மின்சாரம் போய் யாராவது டார்ச் அடித்தால், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று நான் பார்ப்பதில்லை. அதைப் பிடித்திருக்கும் கை நடுங்குகிறதா என்றுதான் பார்க்கிறேன்.