முதல் புடவையைப் பிரித்த கை

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் பல வருடம் மேலாளராக இருந்தேன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். விற்பனையாளர்களின் சண்டையைத் தீர்ப்பதும், மின்விசிறி ஓடாவிட்டால் ஆளைக் கூப்பிடுவதும்தான் முக்கால்வாசி வேலை. அப்படிப்பட்ட என்னைக் கூப்பிட்டு ஒருநாள் சின்ன முதலாளி சொன்னார்: "சார், கடைய மொத்தமா மாத்தப் போறோம். ஸ்டாஃப நீங்கதான் பேசிக் கூட்டிக்கினு போகணும்." எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முசரவாக்கத்துக்கு வண்டியில் வீடு திரும்பும்போது வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன்.

அதுவரை எங்கள் கடையில் எல்லாமே மெத்தையில்தான். வெள்ளை விரிப்பின் மேல் கல்யாண வீட்டார் உட்காருவார்கள். எதிரே ஒரு விற்பனையாளர் உட்கார்ந்து புடவைகளைப் பிரித்துப் போடுவார். இனி வாசலிலேயே டோக்கன். முகூர்த்தப் புடவைக்கு முதல் மாடி, சொந்தக்காரர்களுக்கு எடுக்க இரண்டாம் மாடி. எந்த டோக்கனுக்கு எந்த ஆள் என்பதை டேப்லெட் சொல்லும். எந்த மாடியில் எதை வைப்பது என்று திட்டம் போட்டவன் நான்தான். அந்தத் தாளை என் மனைவியிடம் காட்டிப் பீற்றிக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது.

விற்பனையாளர்கள் முறுக்கிக்கொண்டார்கள். "எங்க கஸ்டமரு எங்களத் தேடிக்கினு வருவாங்க, டோக்கன் இன்னாத்துக்கு?" என்று கேட்டார்கள். சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தவரிடம் இதைச் சொன்னேன். "இவங்கல்லாம் யாரப் பாத்து நடக்கறாங்களோ, அவர மொதல்ல உங்க பக்கம் கொண்டு வாங்க" என்றார் அவர். அது யார் என்று நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

எங்கள் கடையில் மூத்த விற்பனையாளர் ஒருவர் இருந்தார். ஓரிக்கையிலிருந்து சைக்கிளில் வருவார். கைராசிக்காரர் என்று ஊரெல்லாம் பேர். காலையில் சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டியதும் அன்றைய முதல் புடவையை அவர்தான் பிரித்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அலமாரியைத் தொடுவார்கள். முகூர்த்தப் புடவையை அவர் கையால்தான் வாங்கிக்கொள்வோம் என்று வெளியூர்க்காரர்கள் காத்திருந்து வாங்கிப் போவார்கள். எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் மற்றவர்களுக்கு இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

டீக்கடைக்கு அழைத்துப் போய் அவரிடம் கேட்டேன். "நீங்க தொடங்கி வெச்சீங்கன்னா மத்தவங்க வந்துருவாங்கண்ணா."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "மெஷினு எனக்குத் தெரியாதுபா. ஆனா ஒண்ணு. கல்யாணக் கூட்டம் ஒண்ணா குந்திக்கினுதான் எடுக்கும். அத மாடி மாடியாப் பிரிக்காத."

"அதெல்லாம் பழகிடும்ணா."

"சரி, நீ கேக்கற. உனக்காகச் செய்றேன்."

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவர் டேப்லெட்டைத் தொட்டு முதல் டோக்கனை எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாளிலிருந்து ஒருவரும் முணுமுணுக்கவில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் வியாபாரம் படுத்தது. அதுவும் கல்யாண சீசனில். ஏன் என்று எல்லோருக்கும் முன்னால் எனக்குத்தான் தெரிந்தது. ஒருநாள் வேன் பிடித்து வந்த ஒரு கூட்டத்தை மாடிப்படியில் நின்று பார்த்தேன். பெண்ணின் அம்மா முதல் மாடியில், சம்பந்தியம்மா இரண்டாம் மாடியில், அத்தைகள் படியில். முகூர்த்தப் புடவை அமைந்துவிட்டால், அந்தச் சந்தோஷத்தில் அதே மெத்தையில் உட்கார்ந்தபடி அத்தைக்கு, சித்திக்கு, நாத்தனாருக்கு என்று எடுத்துக்கொண்டே போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நான் அந்த மெத்தையைப் பிடுங்கிவிட்டேன். அவர்கள் ஒரே ஒரு புடவையோடு இறங்கி, மீதியை எடுக்க அடுத்த கடைக்குப் போனார்கள்.

கடைக்குள் வேறு காரணம் சொன்னார்கள். தொடங்கின கை சரியில்லை என்றார்கள். வயதாகிவிட்டது, ராசி போய்விட்டது என்றார்கள். ஒருநாள் காலையில் கற்பூரம் காட்டியதும் அவர் வழக்கம்போல அலமாரிப் பக்கம் போனார். பெரிய முதலாளி அவர் முகத்தைப் பார்க்காமல், "இன்னிக்கி வேற யாருனா பிரிக்கட்டும்" என்றார். மூத்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். தப்பு என் திட்டத்தில்தான் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் டோக்கன் மெஷினில் தாள் இருக்கிறதா என்று பார்த்தேன்.

அதற்கடுத்து நான் செய்தது இன்னும் மோசம். சத்தமில்லாமல் திட்டத்தை மாற்றினேன். கல்யாணக் கூட்டத்துக்கு ஒரே டோக்கன், ஒரே மெத்தை என்று ஆக்கினேன். வியாபாரம் நிமிர்ந்துவிட்டது. அதற்குள் காலையில் வேறொருவர் புடவை பிரிக்கத் தொடங்கியிருந்தார். கை மாறியது, கடை பிழைத்தது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். சின்ன முதலாளி எனக்குச் சால்வை போட்டார். மூத்தவர் தானாகவே கேட்டுக் குடோன் வேலைக்குப் போனார். கொஞ்ச நாளில் அதையும் விட்டு நின்றுவிட்டார். வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சென்ற வருடம் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தப் புடவையை எடுத்ததும், அதை அந்த மூத்தவர் கையால்தான் வாங்க வேண்டும் என்று என் மனைவி பிடிவாதமாக இருந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. புடவையைத் தட்டில் வைத்துக்கொண்டு இருவரும் ஓரிக்கைக்குப் போனோம். அவர் இளைத்திருந்தார். எங்களைக் கண்டதும் சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"வேணாம்பா. உம் பொண்ணு நல்லா இருக்கணும். இந்தக் கை வேணாம்."

என்னால் தாங்க முடியவில்லை. மனைவி பக்கத்தில் இருக்கிறாள் என்றும் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். "உங்க கையில ஒண்ணும் இல்லண்ணா. என் திட்டந்தான் தப்பு. நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் யார்கிட்டயும் சொல்லாம மூடிட்டேன்."

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத அன்னிக்கி சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்பா," என்றார். "அதுக்கப்புறம் எம் பொண்ணு கல்யாணத்துக்கே நான் புடவை எடுத்துக் குடுக்கல. பயந்துக்கினு ஒதுங்கி நின்னுட்டேன்."

உள்ளே இருந்து அவர் மனைவி வந்தார். ஒன்றும் கேட்காமல் புடவையின் மேல் குங்குமம் வைத்து, தட்டோடு எடுத்து என் மனைவி கையில் கொடுத்தார். மூத்தவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு கதவோரம் நின்று, "தீர்க்காயுசா இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.