கயித்தாம்பிள்ளை சுவாமியின் வரிசை

ஓய்வுபெற்ற கத்தோலிக்கக் குருக்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டமான நாள். மற்ற நாட்களில் ஓய்வு என்று சொல்லிப் படுத்திருக்கலாம். ஊரெல்லாம் கோவில் மணி அடிக்கும்போது எப்படிச் சும்மா கிடப்பது? கயித்தாம்பிள்ளை சுவாமிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. விடியும் முன்னரே அவரை ஏற்றிப்போக யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கோவிலிலிருந்து ஓட்டோ வந்துவிடும். அந்தக் கோவிலின் பங்குச் சுவாமியோடு சேர்ந்து பூசை வைப்பார். அதற்கு முன், சனம் வந்து பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் உட்காருவார்.

கோவிலின் ஒரு பக்கத்தில் இளம் பங்குச் சுவாமி; அவரிடம் நாலைந்து பேர் நின்றால் பெரிய விஷயம். மறுபக்கத்தில் கயித்தாம்பிள்ளை சுவாமி. வரிசை வாசல்வரை நீளும். எண்பதைத் தாண்டியவருக்கு அந்த வரிசை கொடுத்த தெம்பை எந்த மருந்தும் கொடுக்கவில்லை. பிரசங்கம் நீண்டுவிடுகிறது என்று அதையும் நைசாக வாங்கிவிட்டார்கள். எஞ்சிய ஊழியம் இது ஒன்றுதான். தன்னிடம் இரக்கம் இருக்கிறது, சனம் அதைக் கண்டுகொண்டது என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. சுவாமியாக இருந்தாலும் மனிதர்தானே.

போன கிழமை கனடாவிலிருந்து வந்த தங்கச்சியின் மகள் அவர் காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டுப் போனாள். உற்றுப் பார்த்தாலும் தெரியாது. இந்த ஞாயிறு தொட்டிக்குள் உட்கார்ந்தபோது, வெளியே வரிசையில் நின்றவர்களின் குசுகுசுப்பு அப்படியே கேட்டது.

"உவரிட்டையே போ. ஒண்டும் கேளாது. தலையாட்டிப்போட்டு, பரிகாரத்துக்கு மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லுவார்" என்று, வரிசையில் முன்னுக்கு நின்ற இளம் மீனவன் பிரகாஸுக்கு யாரோ சொன்னார்கள்.

சுவாமிக்கு மனம் உடைந்துபோனது. இத்தனை காலமும் சனம் தேடி வந்தது அவருடைய இரக்கத்தை அல்ல, செவிட்டை. கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். கேளாததைக் கேட்டதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தவர் அவர்தானே. கருவியைக் கழற்றி அங்கிப் பைக்குள் போட்டால் வரிசை தப்பிவிடும். கழற்றாமலும் சொல்லாமலும் இருந்தாலோ, அது ஒட்டுக்கேட்பது. கை காதுவரை போய்விட்டது.

அதற்குள் பிரகாஸ் வந்து முழந்தாளிட்டான். சுவாமி கையை இறக்கினார்.

"தம்பி, காதிலை கருவி மாட்டியிருக்கிறன், எனக்கு இப்ப நல்லாக் கேக்குது. அதை அறிஞ்சுகொண்டு சொல்லுங்கோ."

தகப்பனுக்கு மருந்து எடுக்க வேண்டும் என்று முணுமுணுத்தபடி பிரகாஸ் எழுந்து போனான். ஞாயிறு விடியற்காலையில் எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது என்று சுவாமி கேட்கவில்லை. செய்தி வரிசை நெடுகப் போனது. சிலர் பங்குச் சுவாமியின் பக்கம் மாறினார்கள். மிச்சப் பேர் பாவமே செய்யாதவர்கள் மாதிரி வாங்குகளில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

பூசை அருமையாக நடந்தது. பாட்டுக்குழுவின் குரல்கள் தனித்தனியாகக் கேட்டன. நன்மை அப்பத்தைக் கொடுக்கும்போது ஒவ்வொருவரும் சொன்ன ஆமெனும் காதில் விழுந்தது. சந்தோசமாக இருந்தது, வேலை பறிபோன வெறுமையும் கூடவே இருந்தது.

ஞாயிறு மீனவர்கள் கடலுக்குப் போகாத நாள். பூசை முடிய, கரையோரம் பெர்னடெட் என்ற பெண்ணின் வீட்டு வளவில் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். நண்டும் இறாலும் போட்ட கூழை எல்லோரும் பனையோலைப் பிளாவில் ஊதி ஊதிக் குடித்தார்கள். பிரகாஸ் சுவாமியின் கண்ணில் படாத மூலையாகப் பார்த்து இருந்தான். சுவாமியே போய் அவனருகில் உட்கார்ந்து மீன்பாடு எப்படி என்று விசாரித்தார். கொஞ்ச நேரத்தில் இருவரும் சிரித்துக் கதைத்தார்கள். இனி வந்து கூழைக் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று சுவாமி மனதைத் தேற்றிக்கொண்டார்.

சனம் கலைந்த பிறகு பெர்னடெட் அவரிடம் வந்தார். புருசன் கடலில் மாண்டுபோன நாளிலிருந்து ஒரு கிழமையும் தவறாமல் சுவாமியின் வரிசையில் நின்றவர். இன்று காலை அவரும்தான் விலகிப் போயிருந்தார்.

"சுவாமி, உது இப்பவும் காதிலை இருக்கோ?"

"ஓம் பிள்ளை. கழட்டவோ?"

"வேண்டாம்." பெர்னடெட் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு மணலில் முழந்தாளிட்டார். "இவ்வளவு வருசமும் ஒரே பாவத்தைத்தான் உங்களிட்டைச் சொன்னனான். கேளாதெண்டு தெரிஞ்சு சொன்னதாலை, ஒருநாளும் சொன்னமாதிரி இல்லை. இண்டைக்குக் கேளுங்கோ."

அவர் சொன்னது நமக்கு உரியதல்ல. சொல்லி முடிக்கும்வரை சுவாமி அழுதுகொண்டே கேட்டார்.