சுத்தமான பாத்திரம்

அம்பத்தூரில் பாலிடெக்னிக் படித்தபோது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து குடியிருந்த ஹவுசிங் போர்டு ஃப்ளாட்டை நினைத்தால் முதலில் வருவது நாற்றம்தான். முகங்கள் அப்புறம்தான் வரும். மூன்றாவது மாடி. தண்ணீர் கீழே அடி பம்பில். குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற யாருக்கும் மனசு வராது. அதனால் கழுவ வேண்டியதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்று கிடக்கும். தட்டில் தயிர்ச் சோறு காய்ந்து ஓடாக ஒட்டியிருக்கும். முந்தாநாள் சாம்பார் மேல் வெள்ளையாக ஆடை கட்டி, அதில் ஒரு கரப்பான் மல்லாந்து கிடக்கும். குளியலறையில் ஒரே சோப்பு. அதில் மூன்று பேருடைய முடியும் ஒட்டியிருக்கும். அந்த முடியை நகத்தால் வழித்துவிட்டுத்தான் காலையில் என் முகத்தில் போடுவேன். இதை எழுதும்போதே இப்போதும் குமட்டுகிறது.

கூட இருந்தவர்களில் ஒருவன் பட்டாபிராம்காரன். நாலைந்து ஸ்டேஷன் தள்ளி அவன் வீடு. அக்காவும் அவள் குழந்தைகளும் அங்கேயே வந்துவிட்டதால் படுக்க இடமில்லை என்று எங்களோடு வந்து ஒட்டிக்கொண்டான். இன்னொருவன் சேலத்துக்காரன். வெளியே கிளம்பும்போது பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருப்பான். இஸ்திரி போட்ட சட்டை, முகத்தில் பவுடர், சுருட்டிவிட்ட முன்முடி. அந்தச் சட்டைக்குள் இருக்கும் பனியனைப் பார்த்தால் அவன் பக்கத்தில் உட்கார மாட்டீர்கள்.

என் ஊர் சோளிங்கர் பக்கம். அந்த வருஷம் அம்மாவுக்கு அக்குளில் ஒரு கட்டி வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பி, எட்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த எட்டு நாளும் அம்மாவின் கை அக்குளிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று நான் ஐயப்பனிடம் வேண்டிக்கொண்டேன். கெட்ட கட்டியாக இருக்கக் கூடாது, அப்படி இல்லை என்று முடிவு வந்தால் இந்தக் கார்த்திகைக்கே மாலை போட்டு, ஒரு மண்டலம் குறையில்லாமல் விரதம் இருந்து மலைக்கு வருகிறேன் என்றேன். கெட்ட கட்டி இல்லை என்று முடிவு வந்தது. நான் கேட்டதை அவர் கொடுத்துவிட்டார். இனி சொன்னதை நான் செய்ய வேண்டும். அம்மாவுக்கும் இது தெரியும்.

மாலை போட்டவனை எல்லோரும் சாமி என்று கூப்பிட வேண்டும். அவனும் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். கோபப்படக் கூடாது, கெட்ட வார்த்தை வாயில் வரக் கூடாது. கறி, மீன், முட்டை கூடாது. இரண்டு வேளை பச்சைத் தண்ணீர் குளியல். காலில் செருப்பு கிடையாது. அந்தக் குளியலறைத் தரையில் வெறுங்காலோடு நிற்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. வழுவழுவென்று பாசி, துப்பிய பேஸ்ட்டு, விரலிடுக்கில் சுற்றிக்கொள்ளும் முடி. சரணம் சொல்லிக்கொண்டே கண்ணை மூடித் தண்ணீரை ஊற்றிக்கொள்வேன்.

சமையலறை மேடையில் சாக்பீஸால் நடுவே ஒரு கோடு போட்டேன். இந்தப் பக்கம் என்னுடையது. ஒரு திரி ஸ்டவ், புதிதாக வாங்கிய ஒரு அலுமினியப் பானை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். அந்தப் பக்கம் அவர்களுடையது. அதைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். விரதம் முடியும்வரை வீட்டுக்குள் கவிச்சி வராது என்று இரண்டு பேரும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். சொன்னபடி இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டாபிராம்காரன் மட்டும் கிண்டலை விடவில்லை.

"இன்னா சாமி, பூஜ முட்சா? கொஞ்சம் சக்கரப் பொங்கல் இந்தாண்ட தள்றது?"

"கையைக் கழுவிட்டு வாங்க சாமி."

"கைய கய்வினா ஊட்ல தண்ணி பூடும் சாமி. அப்பால நீதான் மூணு மாடி தூக்கிகினு வர்ணும்."

சேலத்துக்காரன் அப்போது சிரிக்கவும் மாட்டான். கார்த்திகை பாதியிலிருந்தே அவன் ஒரு மாதிரி ஒதுங்கித்தான் இருந்தான். எப்போது பார்த்தாலும் விரலிடுக்கைச் சொறிந்துகொண்டிருப்பான். லுங்கிக்குள் கையை விட்டுச் சொறிவான். பாயில் செதில் செதிலாகக் கிடக்கும். அதே கையால் என் நோட்டை எடுத்துப் புரட்டுவான். நான் என் பாயை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். கேட்டால் மனசு நோகுமே என்று கேட்கவில்லை.

முப்பது நாள் ஆகியிருக்கும். தினமும் சாயங்காலம் கோவிலில் பஜனை. அன்று பாடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் சீக்கிரம் முடித்துவிட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் சோடா உப்பு வாசனை. சமையலறையில் என் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் என் பானை. சேலத்துக்காரன் துடுப்புக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் தண்ணீர் கொதித்தது. அழுக்கு நுரை விளிம்பில் சுற்றி வந்தது. நடுவில் அவனுடைய ஜட்டி உப்பிக்கொண்டு மேலே வந்து, திரும்ப உள்ளே போயிற்று.

"என்ன சாமி இது?" என்றேன்.

"துணிதானுங்க சாமி. சிரங்குக்கு. போட்டுக்கற துணியெல்லாம் தெனமும் சுத்தமான பாத்திரத்துல போட்டுக் கொதிக்க வெய்யின்னு டாக்டர் சொன்னாரு. இந்த வீட்ல சுத்தமான பாத்திரம்னா உங்களுது ஒண்ணுதானே இருக்குது?"

"எத்தனை நாளா?"

"பத்து பன்னெண்டு நாளா. நீங்க பஜனைக்குப் போனதும் போட்டுருவேன். அப்புறம் நல்லா சாம்பல் போட்டுத் தேச்சு, இருந்த மாதிரியே வெச்சிருவேன் சாமி. நீங்களே ஒருநாள் பானை பளபளன்னு இருக்குதேன்னு சொன்னீங்களே."

சொல்லியிருக்கிறேன். பத்து நாளும் அந்தப் பானையில் பொங்கி, சுவாமிக்குப் படைத்து, பிறகு நான் சாப்பிட்டிருக்கிறேன்.

உள்ளே படுத்திருந்த பட்டாபிராம்காரன் எழுந்து வந்தான். அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. "இன்னாத்துக்கு சாமி இப்டி மொறைக்கிறே? கறியா ஆக்குனான்? முட்டையா வேக வச்சான்? துணிதானே. மால போட்டா துணிய வேக வைக்கக் கூடாதுன்னு எங்க கீது?"

அப்படி எங்கும் இல்லைதான். யாரும் அப்படி ஒன்றை யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் ஜன்னலுக்கு ஓடி வெளியே வாந்தி எடுத்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், சேலத்துக்காரன் மறுபடி கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தான், அடி பிடித்துவிடும் என்பதுபோல. என் கை தானாக எழுந்தது. கன்னத்தில் அறைந்தேன். பவுடர் என் உள்ளங்கையில் ஒட்டியது. அதோடு விட்டிருக்கலாம். அவன் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னேன். மாலை போடாத நாளிலும் நான் சொல்லாத வார்த்தை அது.

சேலத்துக்காரன் அழவில்லை. ஸ்டவ்வை மட்டும் அணைத்தான். பட்டாபிராம்காரனுக்குத்தான் முகம் செத்துப்போயிற்று. முப்பது நாளாகக் கிண்டல் செய்தவன் இரண்டு கையையும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"சாமி... கய்த்துல மாலய வச்சிகினு இன்னா வார்த்த சொல்ட்டே. அதுவும் ஆத்தாளப் பத்தி. நீ உன் ஆத்தாளுக்காகத் தானே சாமி போட்டுகினே?"

பானையைப் பற்றி யாராவது ஏதாவது சமாதானம் சொல்லியிருந்தால் நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். தெரியாமல் நடந்தது என்று சுவாமியிடம் சொல்லியிருப்பேன். இதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. விரதத்தை முறித்தது சிரங்குத் துணி இல்லை, நான்.

மறுநாள் ஊருக்குப் போய் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். பானை விஷயத்துக்கு முகத்தைச் சுளித்தாள். அந்த வார்த்தை விஷயத்துக்கு வந்ததும் அவள் கை மெல்ல அக்குளுக்குப் போயிற்று.

"அப்ப, மறுபடி வந்துடுமாடா?"

மாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். குளித்துவிட்டு வந்து, முதலிலிருந்து இருக்கிறேன், நீயே போட்டுவிடு என்றேன். போட்டுவிட்டாள். நான் சேர்ந்திருந்த குழு மகரஜோதிக்குப் போனது. அதற்குள் எனக்கு மண்டலம் நிறையாது. மாசி மாத நடை திறப்புக்குத் தனியாகப் போவது என்று முடிவு செய்தேன்.

ஃப்ளாட்டை விட்டுவிட்டேன். என் டிரங்குப் பெட்டியை எடுக்கப் போனபோது சேலத்துக்காரன் வாசலுக்கு வந்தான். சிரங்கு ஆறியிருந்தது. விரல்களை விரித்துக் காட்டினான். "பாருங்க சாமி, சுத்தமாப் போயிடுச்சு. அன்னிக்கு நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்க" என்று கையை நீட்டினான். இளஞ்சிவப்பாக, புதுத்தோல் பளபளத்த கை. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அவன் கேட்டான். என்னால் அந்தக் கையைத் தொட முடியவில்லை. பானையில் சுற்றி வந்த அழுக்கு நுரைதான் கண்ணில் வந்தது. "சாமி சரணம்" என்று இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். பக்தி என்று நினைத்து அவனும் கும்பிட்டான்.

அதன்பிறகு தினமும் ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் அரக்கோணம் வந்து, அங்கிருந்து ரயிலில் அம்பத்தூர் வருவேன். காலையில் முதல் பீரியட் எப்போதும் தவறிவிடும். வருகை போதவில்லை என்று பரீட்சைக்கு விடவில்லை. படிப்பு அதோடு நின்றது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

மாசியில் மலைக்குப் போய் வந்தேன். திரும்பி வந்த அன்று அம்மா மாலையைக் கழற்றி, விபூதியை வாங்கி, நெற்றிக்கு வைக்கும் முன் அக்குளில் பூசிக்கொண்டாள். அதன்பிறகு அங்கே தொட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டாள். இருபது வருஷத்துக்கு மேல் இருந்தாள், அது வரவேயில்லை. சுவாமி என்னை மன்னித்துவிட்டார் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். சேலத்துக்காரனிடம் கேட்க வேண்டியதை மட்டும் இன்னும் கேட்கவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்றும் தெரியாது.