கதவு திறக்கும் கோலி

பெற்ற பிள்ளையை முன்பின் தெரியாதவர் வீட்டில் விட்டு விளையாட அனுப்புகிற வழக்கம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகுதான் தெரியவந்தது. நான் வேலை செய்யும் பல் கிளினிக்கில் என்னோடு வரவேற்பு மேசையில் இருக்கும் வெள்ளைக்காரப் பெண்தான் சொன்னாள். ஜூனியர் ஐஸ் ஹொக்கி லீக்கில் விளையாடும் பையன்கள் தூரத்து ஊர்களிலிருந்து வருவார்களாம். புரட்டாதியிலிருந்து பங்குனி வரை, ஒரு சீசன் முழுக்க, யாராவது ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் சமைப்பதைச் சாப்பிட்டு, அந்த வீட்டுப் பிள்ளை மாதிரியே இருப்பார்களாம். எங்கள் பக்கத்து அணிக்கு வந்த கோலி ஒருவனுக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை, உன் மகள் யூனிவர்சிட்டிக்குப் போன பிறகு அறை சும்மாதானே கிடக்கிறது என்றாள். கோலி என்றால் வலைக்கு முன்னால் நின்று, பக் என்கிற ரப்பர் வட்டு உள்ளே போய்க் கோல் விழாமல் தடுப்பவன் என்பதையும் அவளிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் கணவர்.

"விளையாடுறதுக்கோ பிள்ளையை ஆற்றையோ வீட்டிலை விடுறாங்கள்?" என்று கேட்டார். பிறகு, "எங்களைச் சண்டைக்குப் பயந்து அனுப்பினவை. இவங்கள் சும்மா அனுப்புறாங்கள்," என்றார். இவர் பதினேழு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்து, ரொறன்ரோ பார்க்டேலில் ஓர் அறைக்குள் பலரோடு நிலத்தில் வரிசையாகப் படுத்து எழும்பியவர். "சரி, வரட்டும். ஆர் பெத்த பிள்ளையோ."

பிள்ளை வந்தது. வாசல் நிலையில் தலை முட்டும் உயரம், பதினெட்டு வயது, வடக்கே ஐந்தாறு மணி நேரம் காரில் போனால் வரும் ஒரு மர ஆலை ஊர். அவனுடைய பைக்குள் என்னைப் படுக்கவைத்துச் சிப்பை இழுத்து மூடலாம். அதைத் திறந்தபோது வந்த மணத்தைப் பற்றி எழுதி உங்கள் சாப்பாட்டைக் கெடுக்க விரும்பவில்லை. பை அன்றே கராஜுக்குப் போனது. மகள் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தபடி என்னை அன்ரி என்றும் இவரை அங்கிள் என்றும் கூப்பிட்டான்.

முதல் வாரம் அவனுக்கென்று தனியாகப் பாஸ்டா அவித்தேன். அவன் அதைத் தின்றுகொண்டே எங்கள் தட்டுகளைப் பார்த்தான். ஒரு மச் நாளில், அதாவது ஆட்டம் உள்ள நாளில், புட்டும் முட்டைப் பொரியலும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அன்று அணி வென்றது. அதோடு என் கதை முடிந்தது. அதற்குப் பிறகு எந்த மச் நாளிலும் மத்தியானம் புட்டும் முட்டைப் பொரியலும் இல்லாமல் அவன் வாசல்படி தாண்டமாட்டான். ஒருநாள் முட்டை முடிந்துவிட்டது என்று சொன்னதும் முகம் வெளிறிப்போய், பனிக்குள் கடைக்கு ஓடினான். காலில் செருப்பு. நான் யன்னலால் பார்த்துச் சிரித்தேன். எங்கள் ஆட்கள் நல்ல நேரம் பார்ப்பதை மூடநம்பிக்கை என்று சொன்ன வெள்ளைக்காரர்களை எல்லாம் ஒருமுறை கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம்.

எனக்கு ஹொக்கியில் ஒரு அறிவும் இல்லை. ஆனால் கேள்வி கேட்பதில் எனக்கு வெட்கமும் இல்லை. வலையின் இரண்டு கம்பங்களையும் ஏன் மட்டையால் தட்டித் தட்டிப் பார்க்கிறாய் என்று கேட்டேன். கோலி பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது, தான் எங்கே நிற்கிறோம் என்பதைத் தட்டித்தான் அறிய வேண்டும் என்றான். இன்னொரு நாள் மச் நடக்கும்போது, ஒரு கோலும் விழவில்லையே என்று பக்கத்திலிருந்த ஒரு தாயிடம் சந்தோசமாகச் சொல்லிவிட்டேன். அந்த மனிசி பாம்பைக் கண்டதுபோல என்னைப் பார்த்தாள். கோல் விழாமல் இருக்கும்போது அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாதாம், சொன்னால் விழுந்துவிடுமாம். சொல்லி வாய் மூடவில்லை, விழுந்தது. நாவூறு. யாழ்ப்பாணத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அணிக்கு இரண்டு கோலிகள். ஒருவன் விளையாடுவான். மற்றவன் தொப்பி போட்டுக்கொண்டு, ஆட்டக்காரர்கள் குந்தியிருக்கும் நீள வாங்கின் ஓரத்தில் நிற்பான். மற்ற ஆட்டக்காரர்கள் ஐஸில் ஒரு நிமிடம்கூட முழுதாக ஓடமாட்டார்கள். களைத்து உள்ளே வருவார்கள், வேறு ஆட்கள் வெளியே பாய்வார்கள். ஐஸுக்கும் வாங்குக்கும் நடுவில் உள்ள சின்னக் கதவைத் திறந்து மூடுவது விளையாடாத கோலியின் வேலை. எங்கள் பையன்தான் அந்த இரண்டாவது கோலி. நாலு மச்சுக்கு ஒன்றுதான் கிடைக்கும்.

"உவன் இவ்வளவு தூரம் வந்தது கதவு திறக்கவோ?" என்று இவர் காரில் வரும்போதெல்லாம் பொருமுவார். பையன் பின் சீற்றில் இருப்பான். தமிழ் விளங்காவிட்டாலும் விசயம் விளங்கியிருக்கும்.

ஒரு பின்னேரம் எனக்கு வெங்காயம் உரித்துத் தந்துகொண்டு அவனே சொன்னான். அமெரிக்க யூனிவர்சிட்டிகளின் ஆட்கள் ரொறன்ரோ அரீனாக்களுக்கு வந்து பார்ப்பார்கள். ஆளைப் பிடித்துவிட்டால் படிப்புச் செலவைத் தாங்களே ஏற்றுக் கூட்டிக்கொண்டு போவார்கள். வடக்கே அவனுடைய ஊர்ப்பக்கம் அப்படி வருவது குறைவு. அடுத்த வருடம் அவன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிடுவான். இந்த சீசனில் யாரும் அவனைப் பார்க்காவிட்டால், அப்பா முதுகை முறித்துக்கொண்ட அதே ஆலைக்குத்தான் அவனும் போக வேண்டும். வெங்காயத்தால்தான் கண்ணீர் என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

இவரிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இவருக்கு இந்த நாட்டைப் பற்றி ஒரு கொள்கை உண்டு. அகதி விசாரணையில் தன் கதையைச் சொன்னபோது அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாராம். ஏற்றுக்கொண்டார்கள். அன்று பிடித்த பிடி: இங்கே கஷ்டத்தை ஒழுங்காக எடுத்துச் சொன்னால் அலுவல் நடக்கும். முன்பு நாங்கள் இருந்த டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் ஹீற்றர் வேலை செய்யாததற்கும், என் தங்கையின் விசாவுக்கும் இதே வழிதான். கோபப்படக் கூடாது, பெருமை பேசக் கூடாது, பாவப்பட்ட முகத்தோடு போய் நிற்க வேண்டும். எங்கள் சனத்தில் பாதிப்பேர் இப்படித்தான் இங்கே வேர் பிடித்தோம். நடக்கவும் செய்தது, அதையும் சொல்ல வேண்டும்.

"கோச்சோடை நான் ஒருக்கா கதைக்கிறன்," என்றார்.

"கதையுங்கோ. அளவாக் கதையுங்கோ," என்றேன். மார்கழி விடுமுறைக்கு முன்னால், நான் பொரித்துக் கொடுத்த மட்டன் ரோல்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு அரீனாவுக்குப் போனார். கோச் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். இவர் திரும்பி வந்தபோது முகம் முழுக்க வெளிச்சம்.

"மனிசன் கண் கலங்கிப் போச்சு. தோளிலை கை வைச்சு, சொன்னதுக்கு நன்றி, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டவர். அலுவல் முடிஞ்சுது."

"என்ன சொன்னனீங்கள்?"

"உள்ளதைத்தான். தேப்பன் படுக்கையிலை, தாய் ரெண்டு வேலை, பெடியன் வீட்டு நினைப்பிலை இரவிரவா அழுகிறான் எண்டு."

"எப்ப அழுதவன்?"

"கொஞ்சம் கூட்டித்தான் சொல்லோணும். இல்லாட்டிக் கேக்கமாட்டாங்கள்."

இல்லாததைக் கூட்டிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஆள் இவ்வளவு சந்தோசமாக இருக்கும்போது எதற்கு என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஜூனியர் லீக்கில் தை மாதம் ஒரு நாள் உண்டு. அதற்குள் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு முடியாது. அந்த நாளுக்கு முதல் நாள் மத்தியானம் நான் புட்டுக் குழலை அடுப்பில் வைத்திருந்தேன். பையன் பயிற்சிக்குப் போன வேகத்திலேயே திரும்பி வந்தான். சப்பாத்தைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று, தன்னை மாற்றிவிட்டார்கள் என்றான். அவனுடைய ஊருக்குப் பக்கத்து அணி. வீட்டிலிருந்தே போய் விளையாடலாம். அங்கே அவன்தான் முதல் கோலி. ஆனால் பார்க்க வருவதற்குத்தான் யூனிவர்சிட்டி ஆட்கள் யாரும் இல்லை. கோச் அவன் கையைப் பிடித்து, உன் வீட்டு நிலைமையை அங்கிள் சொன்னார், இப்படிக் கஷ்டப்படுகிற பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை என்றாராம். அந்த மனிதர் உண்மையாகவே நல்லது செய்வதாக நினைத்துத்தான் நாலு இடத்துக்குப் போன் அடித்து அலைந்து இதை ஒழுங்குபடுத்தியிருக்கிறார்.

இவர் சோபாவில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார். எழும்பி நேரே அரீனாவுக்குப் போனார். போன வேகத்திலேயே திரும்பினார். கையெழுத்து முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது.

அன்று நான் இவரைப் பேசிய பேச்சை எழுத முடியாது. "அவன் உங்களிட்டைக் கேட்டவனோ? அவனைப் பிச்சைக்காரனாக்கிப் போட்டு வந்திருக்கிறியள்," என்றது அதில் மென்மையானது.

அடுத்த நாள் காலை அவனுடைய தாய் பிக்கப் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். என் வயதுதான் இருக்கும், கை முழுக்க வெடிப்பு. மகன் திரும்பி வருகிறான் என்று சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: அவன் அங்கேயிருந்து வெளியேற வேண்டும் என்றுதான் நான் இரண்டு வேலை செய்தேன். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பையன் கராஜிலிருந்து தன் பையை இழுத்து வந்தான். இவர் ஓடிப்போய் மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாகப் பிக்கப்பில் ஏற்றினார்கள். தாய் ஏறி எஞ்சினைப் போட்டாள். பையன் கதவில் கையை வைத்துக்கொண்டு திரும்பி இவரைப் பார்த்தான். அவன் கோபமாக இருக்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"அங்கிள், நான் நல்லா விளையாடுவேன் என்றும் கோச்சிடம் சொன்னீர்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இல்லை," என்றார் இவர். "அதைச் சொல்லவில்லை."

பையன் தலையை ஆட்டினான். கதவைத் திறந்தான். அப்போதுதான் இவர் தொடங்கினார். இவருடைய ஆங்கிலம் வேலைத்தளத்தில் பொறுக்கிய ஆங்கிலம், அவசரத்தில் இன்னும் உடைந்துபோகும். கார்த்திகையில் நடந்த மச்சில் இரண்டு பேர் தனியாக எதிரே வந்தபோது நீ விழுந்துகொண்டே இடது காலால் தடுத்தாய் என்றார். உன் கண்ணை மறைத்துக்கொண்டு ஒருவன் நின்றபோதும் கையுறைக்குள் பிடித்தாய் என்றார். நீ வலையில் நின்ற ஆறு மச்சில் நாலு வென்றோம், மற்ற இரண்டிலும் தோற்றது உன்னால் அல்ல, உனக்கு முன்னால் நின்ற கழுதைகளால் என்றார். கதவு திறக்கிற நாளிலும் உன் கண் பக் வட்டை விட்டு விலகியதில்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்றார். இந்த மனிதர் இத்தனையையும் மனதுக்குள் வைத்திருந்தார் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். கோச்சின் அறையில் இதில் ஒரு வரி சொல்லியிருந்தாலே போதும்.

பனி கொட்டத் தொடங்கியிருந்தது. பையன் தொப்பிகூடப் போடவில்லை. தாய் எஞ்சினை நிறுத்திவிட்டாள். இவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவன் ஏறவில்லை.